‘நார்மல்’ என்று வந்த சீட்டு

ஒரு கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம்.

பையனுக்கு 14 வயது. உயரம் 140 சென்டிமீட்டர், ஒட்டல் உடம்பு. சாப்பாடு இறங்கவில்லை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சுருண்டு படுத்துக்கொள்கிறான் என்று அம்மா ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறார். லேப் சீட்டில் கிரியாட்டினின் 1.2 என்று வருகிறது. பக்கத்துக் கட்டத்தில் ‘0.7 – 1.3’ என்று அச்சடித்திருக்கிறது. எண் தடித்த எழுத்தில் இல்லை, நட்சத்திரக் குறியும் இல்லை. “எல்லாம் நார்மல்தாம்மா” என்று சொல்லிக் கொடுக்க, சீட்டு மடிந்து மஞ்சப்பைக்குள் போகிறது.

கிரியாட்டினின் என்பது தசையில் ஊறும் கழிவு. தசை அதிகம் இருந்தால் அதுவும் அதிகம். அச்சடித்த அளவு வளர்ந்த ஆளுக்கானது. பிள்ளைகளுக்கு வேறு கணக்கு இருக்கிறது: உயரத்தை 0.413-ஆல் பெருக்கி, வந்ததைக் கிரியாட்டினினால் வகுக்க வேண்டும். 140-ஐப் பெருக்கினால் 57.82, அதை 1.2-ஆல் வகுத்தால் 48. நன்றாக இருக்கும் சிறுநீரகத்துக்கு இந்த எண் 90-க்கு மேல் இருக்கும். ‘நார்மல்’ சீட்டை வைத்திருக்கும் பையனுக்குச் சிறுநீரகங்கள் பாதி அளவுதான் வேலை செய்கின்றன. அதே 1.2 அவன் அப்பாவுக்கு வந்திருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லாமல் இருந்திருக்கலாம்.

இந்தப் பையன் கணக்குக்காகச் சொன்ன பையன். ஆனால் இப்படிப்பட்ட சீட்டுகள் கற்பனை இல்லை. நாடு முழுக்க 2016 முதல் 2018 வரை பிள்ளைகளின் ஊட்டச்சத்து நிலையைப் பார்க்க ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. அப்போது எடுத்த ரத்த முடிவுகளைப் பின்னாளில் சிறுநீரகக் கண்ணோடு பிரித்துப் பார்த்தார்கள். 5 முதல் 19 வயது வரையிலானவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேருக்குச் சிறுநீரகத் திறன் குறைந்திருப்பதாக அதில் தெரிந்தது. ஒரே ஒரு முறை எடுத்த ரத்தம் என்பதால் இதை முடிந்த கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால்தான் அது நிலைத்த பாதிப்பா என்று தெரியும். இருந்தாலும் பாதியளவு நிஜமானாலே அது சின்ன எண் இல்லை.

மலையும் மாவட்டமும்

இந்தக் கணக்கைக் கள்ளக்குறிச்சியில் வைத்துப் பார்ப்போம். விழுப்புரத்திலிருந்து பிரிந்து, 2019 நவம்பர் 26-ம் தேதி கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-ம் தேதி திறக்கப்பட்டது. அதற்கு முன்பு பெரிய சிக்கல் என்றால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை, சேலம், இல்லையென்றால் புதுச்சேரி ஜிப்மர். இன்றும் பிள்ளைகளின் சிறுநீரகத்தை மட்டுமே பார்க்கும் நிபுணர் வேண்டுமென்றால் ஜிப்மருக்கோ சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோதான் பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி ஏறினால் கல்வராயன் மலை. வெள்ளிமலை, கரியாலூர் என்று ஊர்கள் பரந்து கிடக்கின்றன. மலையாளி பழங்குடிகளின் மண் அது. 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை என்பதால் சாலையும் பள்ளியும் மருத்துவமும் சமவெளிக்கு வந்து வெகுகாலம் கழித்தே அங்கே ஏறின. சாமையும் மரவள்ளியும் விளைந்தாலும் வருஷம் முழுக்க வேலை கிடையாது. அப்பா அம்மா பிழைப்புக்கு வெளியூர் போனால் பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிப்பார்கள். அந்தப் பிள்ளை ராத்திரி எத்தனை தடவை எழுந்து போகிறான் என்று யார் எண்ணுவது?

இது சாதாரணக் கேள்வி இல்லை. சிறுநீரகக் கோளாறு பதின்வயதில் வலியோடு வருவது குறைவு. ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்து போவான், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பான். சில பிள்ளைகளுக்குக் காலையில் கண்ணிமை வீங்கியிருக்கும், சாயங்காலம் வடிந்துவிடும். “லீவுல வந்தப்போ மூஞ்சி கொஞ்சம் பூசினாப்ல இருந்துச்சு, சாப்பாடு ஒத்துக்கிச்சுன்னு நெனச்சோம்” என்று சொல்லும் அம்மாக்கள் உண்டு. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் வெயில் என்று தள்ளிவிடுவோம். வெளிறிப் போனால் ரத்தசோகை என்று டானிக் வாங்குவோம். டானிக் குடித்தும் ஏறாத ரத்தத்துக்குச் சிறுநீரகம் காரணமாக இருக்கலாம் என்பது எளிதில் தோன்றாது. எலும்பு மஜ்ஜையை ரத்தம் ஊறச் செய்யும் ஹார்மோன் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது.

எல்லாவற்றையும்விட வெளிப்படையான அடையாளம் பள்ளிக்கூட மைதானத்தில் இருக்கிறது. காலை வழிபாட்டில் பிள்ளைகள் உயர வரிசையில் நிற்பார்கள். ஆறாம் வகுப்பில் முதல் ஆளாக நின்றவன் ஒன்பதாம் வகுப்பிலும் முதல் ஆளாகவே நிற்கிறான் என்றால், குட்டையான குடும்பம் என்று விட்டுவிடக் கூடாது. ஒரு தடவையாவது பிரஷர் பார்க்க வேண்டும், சிறுநீரும் பார்க்க வேண்டும்.

“காரணம் தெரியலையாம்”

பெரும்பாலான அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவின் எல்லை 12 வயதோடு முடிந்துவிடுகிறது. 13 வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களின் பொது மருத்துவப் பிரிவில் கட்டில் போடுவார்கள். அங்கே சுற்றிலும் சர்க்கரையும் சாராயமும் சேர்ந்து உடம்பைக் கெடுத்துக்கொண்ட ஐம்பது வயதுக்காரர்கள். மருத்துவரின் முதல் கேள்விகளும் அந்த வயதுக்கே பொருந்தும். பிறவியிலேயே சிறுநீர்ப் பாதை குறுகியிருந்ததா, மூத்திரம் மேலேறிப் பாய்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது காது மந்தமா என்றெல்லாம் கேட்க, பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய ஆள் வேண்டும். (காதையும் சிறுநீரகத்தையும் சேர்த்தே பாதிக்கும் ஆல்போர்ட் என்ற பரம்பரை நோய் ஒன்று உண்டு.)

நாள் கடந்து எடுக்கும் ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கி வெளுத்துத் தெரிகின்றன. அப்போதுதான் அந்த வாக்கியம் வருகிறது: “காரணம் தெரியலைங்க.”

இதைக் கேட்டு வெளியே வரும் தாய்க்கு ஊர் ஆயிரம் காரணம் சொல்லும். பரோட்டா தின்றான், பாட்டில் பாட்டிலாகக் கலர் குடித்தான், கிணற்றில் குதித்தான், யாரோ கண் வைத்தார்கள். சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று மாமியார் வீடும் தாய் வீடும் மாறி மாறிக் கை நீட்டும். அவரும் தன் கர்ப்ப காலத்தைத் திரும்பத் திரும்பத் துழாவுவார். ஆனால் மருத்துவர் சொன்னதில் பாதிதான் அவர் காதில் விழுந்தது. சுருங்கிப் போன சிறுநீரகம் எரிந்து முடிந்த குடிசை மாதிரி. அடுப்பா, மின்கசிவா, பட்டாசா என்று சாம்பலைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தக் கட்டத்தில் ஊசி போட்டுச் சதை எடுத்தாலும் தழும்புதான் வரும்; ரத்தக்கசிவு ஆபத்தும் கூடுதல். ‘தெரியவில்லை’ என்பதில் பெரும்பங்கு, ‘தெரிந்துகொள்ளும் நேரம் போய்விட்டது’ என்பதுதான்.

நேரத்தோடு போனவர்களுக்குத் துப்பு கிடைக்கிறது. கேரளத்தில் நடந்ததைப் பாருங்கள். மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனைக்கு 14 வயதுச் சிறுமி வந்தாள். சிறுநீரில் புரதம் கொட்டுகிறது. சதைப் பரிசோதனையில், அந்த வயதில் அரிதான ஒரு வகை வடிகட்டிச் சவ்வு நோய் என்று தெரிந்தது. வழக்கமான காரணம் ஒன்றும் அகப்படவில்லை. அதே அரிய வகையோடு அடுத்தடுத்து ஆட்கள் வரவே மருத்துவர்களுக்குச் சந்தேகம் வந்து, மாத்திரை, நாட்டு மருந்து என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள் என்று கேட்டார்கள். சிவப்பழகு கிரீம். சோதித்துப் பார்த்தால் அதில் பாதரசம். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை அங்கே பதிவான 22 சவ்வு நோயாளிகளில் 15 பேருக்கு அந்தக் குறிப்பிட்ட வகை. அவர்களில் 13 பேர் கிரீம் பூசியவர்கள். பூசுவதை நிறுத்தியதும் பலருக்குப் புரதக் கசிவு குறைந்தது. இதே வகை நோய்க்கும் பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளுக்கும் தொடர்பு இருப்பதைச் சென்னையில் சிறுநீரகச் சதையை ஆராயும் மருத்துவர்கள் அதற்கு முன்பே எழுதியிருந்தார்கள்.

ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளையின் பைக்குள் என்ன டப்பா இருக்கிறது என்று எந்த அம்மாவுக்குத் தெரியும்? லேபிளில் தயாரித்தவர் பெயரே இல்லாமல், கடைக்காரர் ரகசியமாக எடுத்துக் கொடுக்கும் டப்பா கள்ளக்குறிச்சியில் மட்டும் கிடைக்காமலா இருக்கும்? திட்டினால் ஒளித்து வைப்பாள். கேட்கிற விதத்தில் கேட்டால் எடுத்துக் காட்டுவாள். அந்த டப்பாவை அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் 2025-ல் நடந்தது இதைவிடக் கொடுமை. இருமல், சளி என்று வந்த சின்னக் குழந்தைகளுக்கு அடுத்தடுத்துச் சிறுநீர் நின்று போனது. தொற்று நோயோ என்று தேடினார்கள். சிறுநீரகச் சதையைப் பார்த்த பிறகுதான் நஞ்சு என்று புரிந்தது. குடித்தது இருமல் சிரப், அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால். 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். சிரப் தயாரானது நம்முடைய காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் என்பதைத் தமிழ்நாட்டில் இருப்பவர்கள் மறந்துவிட்டுப் பேச முடியாது.

கரும்பும் வெயிலும்

எல்லாவற்றுக்கும் ஒரு டப்பாவோ பாட்டிலோ கிடைத்துவிடாது. இலங்கையில் மதவாச்சி, பதவியா பக்கம் தொண்ணூறுகளில் தொடங்கி விவசாயிகள் சிறுநீரகம் பழுதாகி விழுந்தார்கள். சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை. கிணற்று நீரின் கடினத்தன்மை, புளூரைடு, பூச்சிமருந்து என்று முப்பது வருஷமாகத் தேடல் நடக்கிறது. ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் அதே கதை. நடு அமெரிக்காவில் நிகரகுவா, எல் சால்வடார் நாடுகளில் இது கரும்பு வெட்டுகிறவர்களின் நோயாகவே பெயர் வாங்கியிருக்கிறது. சுட்டெரிக்கும் வெயிலில் தண்ணீர் இல்லாமல் நாள் முழுக்க வெட்டும்போது சிறுநீரகம் தினமும் கொஞ்சம் அடிபடுகிறது என்பது அங்கே பலமாக நிற்கும் விளக்கம். நிகரகுவாவில் ஓர் ஆலையில் தண்ணீர், ஓய்வு, நிழல் என்ற மூன்றையும் முறைப்படுத்தியபோது பாதிப்பு குறைந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதே நாட்டில் இன்னும் வயலுக்கே போகாத பதின்வயதுப் பிள்ளைகளின் சிறுநீரிலும் சேதத்தின் அடையாளங்கள் கிடைத்திருப்பதால், வெயில் மட்டும்தானா என்ற கேள்வி முடியாமல் நிற்கிறது.

இதைக் கள்ளக்குறிச்சியில் படிக்கிறவருக்கு உறுத்தாமல் இருக்காது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ள மண் இது. வெட்டு சமயத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் லீவில் சோகை உரிக்கப் போவது ஊருக்கெல்லாம் தெரிந்த சேதி.

தமிழ்நாட்டில் என்ன நிலை என்று பார்க்க, சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகத் துறையினர் 125 கிராமங்களில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்தார்கள். முடிவு 2025-ல் லான்செட் குழுமத்தின் இதழில் வெளியானது. மறுபரிசோதனைக்குப் பிறகும் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் நிலைத்த பாதிப்பு. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வழக்கமான எந்தக் காரணமும் இல்லை. அவர்கள் பெரியவர்கள். அவர்களோடு அதே வெயிலில் நின்று, அதே குடத்தில் தண்ணீர் குடிக்கும் பிள்ளைகளை யாரும் தனியாக எண்ணிப் பார்க்கவில்லை.

காரணம் தெரிந்த அடிகளும் இந்தப் பக்கம் உண்டு. கண்ணாடி விரியன் கடித்தாலும், கதண்டு கூட்டமாகக் கொட்டினாலும் சிறுநீர் நின்று போகலாம். மலையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அறிவித்தது 2024 நவம்பரில்தான். கடிபட்டுப் பிழைத்த பிள்ளைக்கு ஆறு மாதம் கழித்துச் சிறுநீரகத்தைப் பார்ப்பது அவசியம். பிழைத்த சந்தோஷத்தில் அது விட்டுப் போகிறது.

சொந்தத்தில் கட்டியதை ஊர் குத்திக் காட்டுவதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 பெண்கள் ரத்த உறவில் மணந்தவர்கள் என்கிறது ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு சேர்ந்தால் வரும் சிறுநீரக நோய்கள் சில உண்டு. நெப்ரோனோப்திசிஸ் அதில் ஒன்று: வீக்கம் கிடையாது, ரத்தம் போகாது, சிறுநீரில் புரதம்கூடப் பெரிதாக வராது. தாகமும் ராத்திரி எழுந்து போவதும் மட்டும். சத்தமே இல்லாமல் பதின்வயதில் முழுப் பழுது. 3,000-க்கும் மேற்பட்ட சிறுநீரக நோயாளிகளின் மரபணுவை அலசி 2019-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், ‘காரணம் தெரியாது’ என்று எழுதப்பட்டிருந்தவர்களில் 17 சதவீதம் பேருக்கு மரபணுவில் விடை கிடைத்தது. யாரையும் குற்றவாளி ஆக்க இந்தச் சோதனை இல்லை. கூடப் பிறந்த தங்கச்சியை நேரத்தோடு பார்க்கலாம். சிறுநீரகம் கொடுக்க வரும் தாய்க்கு அது பாதுகாப்பா என்று தெரிந்துகொள்ளலாம்.

கட்டில் பக்கத்தில்

பயாப்சி என்ற சொல்லைக் கேட்டதும் ‘கிட்னியை அறுத்து எடுப்பாங்களா’ என்று கேட்காத பெற்றோர் இல்லை. பிள்ளையைக் குப்புறப் படுக்க வைத்து, வயிற்றுக்கு அடியில் தலையணை கொடுத்து, முதுகில் மரத்துப் போக ஊசி போடுவார்கள். மூச்சை இழுத்துப் பிடி என்பார்கள். ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி ‘டக்’ என்று ஒரு சத்தம். நூல் மொத்தத்தில் இரண்டு துண்டு சதை. அப்புறம் மணிக்கணக்கில் மல்லாந்து அசையாமல் கிடக்க வேண்டும். அன்று அம்மாவின் வேலை, அவன் போகும் சிறுநீரைப் பாட்டில் பாட்டிலாகப் பிடித்து வரிசையாக வைத்து நிறம் பார்ப்பது. முதல் பாட்டில் லேசாகச் சிவந்து, போகப் போகத் தெளிந்தால் நிம்மதி.

சிறுநீரகம் கைவிட்டால் டயாலிசிஸ். 2024 ஜூன் 19-ம் தேதி கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 65-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அந்த வாரம், உடம்பிலிருந்து நஞ்சை வெளியே இழுக்க நோயாளிகளை டயாலிசிஸ் கருவியோடு இணைத்துப் போராடியதை இந்த மாவட்டம் பார்த்தது. அதையடுத்துத்தான் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. சாவு விழுந்த பிறகு மலையைத் திரும்பிப் பார்ப்பது நமக்குப் பழகிவிட்டது.

கருவியில் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் இருக்க வேண்டும். வெள்ளிமலைப் பக்கத்துப் பிள்ளைக்கு இது முழு நாள் வேலை; கூட வரும் அப்பாவுக்கு வாரத்தில் மூன்று கூலி போச்சு. பள்ளிக்கூடமும் போச்சு. இதற்கு மாற்று உண்டு என்பதைப் பலர் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. வயிற்றில் மெல்லிய குழாய் வைத்து, பையில் வரும் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்து வெளியே எடுக்கும் வீட்டு டயாலிசிஸ். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலேயே இந்தப் பைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பது சேர்ந்திருக்கிறது.

கரண்ட் வேண்டாம், கருவி வேண்டாம். சுத்தம் மட்டும் வேண்டும். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மோதிரம் வளையலைக் கழற்றிவிட்டு முழங்கை வரை சோப்புப் போட்டு அம்மா கை கழுவுகிறார். முகத்தில் மாஸ்க். பையை உத்திரத்து ஆணியில் மாட்டுகிறார். குழாயின் மூடியைத் திறந்து பையோடு இணைக்கும் அந்தச் சில விநாடிதான் கண்டம். எதுவும் தொட்டுவிடக் கூடாது. வடிந்து வரும் திரவத்துக்கு அடியில் ஒரு செய்தித்தாளை வைத்துப் பார்க்க வேண்டும். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் சரி. கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கித் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனை. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதைப் பழகிவிடலாம். மலைக்கு ஏற்ற வைத்தியம் இதுதான் என்று தைரியமாகச் சொல்லலாம். சுத்தமான ஒரு தனி அறை உள்ள வீட்டுக்கு வழி செய்த பிறகு.

அடுக்களையிலும் புதுப் பாடம். “கிட்னிக்கு நல்லதுன்னு எளநி குடுத்தேனே” என்பது பல வார்டுகளில் கேட்கிற புலம்பல். பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது. இளநீர், வாழைத்தண்டுச் சாறு, வாழைப்பழம் எல்லாம் பொட்டாசியம். அது அதிகம் ஏறினால் இதயமே நின்றுவிடலாம். கிழங்கையும் கீரையையும் நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும். சத்து போகுமே என்று மனசு கேட்காது. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் விருந்தாளி வரும்போதுகூட வேண்டாம். எவ்வளவு தண்ணீர் என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். அதைப் பக்கத்துக் கட்டில்காரர் சொல்லக் கேட்கக் கூடாது.

இத்தனைக்கும் நடுவில் அவன் பதின்வயதுப் பிள்ளை என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் உப்பி, பரு வந்து, கண்ணாடி பார்க்கப் பிடிக்காது. பள்ளியில் பட்டப் பெயர் வைப்பார்கள். மாத்திரையை நாக்கடியில் வைத்திருந்து வேலிப் பக்கம் துப்பிவிடுவான். இது திமிர் இல்லை. உலகம் முழுக்கவே, மாற்றுச் சிறுநீரகத்தை அதிகம் இழப்பவர்கள் பதின்வயதின் பின்பாதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் இருப்பவர்கள். மாத்திரை விட்டுப் போவது அதற்கு முக்கியக் காரணம். டப்பாவை அம்மா கையில் வைத்துக்கொண்டு துரத்துவதைவிட, தன் கிரியாட்டினின் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று அவனே நோட்டில் எழுத வைத்தால் வழிக்கு வருகிறான் என்கிறார்கள் இந்தத் துறையில் இருப்பவர்கள். மருத்துவரிடம் தனியாகப் பேச ஐந்து நிமிஷம் விட்டுக் கொடுக்கவும் பெற்றோர் பழக வேண்டியிருக்கிறது.

செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. டயாலிசிஸும் மாற்று அறுவையும் அதில் வருகின்றன. தாய் கொடுக்கலாம், தகப்பன் கொடுக்கலாம். இந்தியாவில் முந்திக்கொண்டு வருவது பெரும்பாலும் தாய்தான். பொருந்தவில்லை என்றால் மாநில உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏற்ற வேண்டும். 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த 15 வயது ஹிதேந்திரனின் உறுப்புகளை மருத்துவர்களான அவன் பெற்றோர் கொடுத்த பிறகுதான் இந்தப் பட்டியல் தமிழ்நாட்டில் வேகம் எடுத்தது. தரகர் யாராவது வீட்டு வாசலுக்கு வந்தால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். 2025-ல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களிடம் சிறுநீரகம் வாங்கியவர்கள் கதை இன்னும் ஆறவில்லை.

வண்டியில் இல்லாத பட்டை

ஜப்பானில் 1974 முதல் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வருஷம் ஒரு தடவை சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. அறிகுறி வருவதற்கு முன்பே பல பிள்ளைகளின் நோயைப் பிடித்துவிடுகிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2007-ல் இதற்கு நேர்மாறாக, எல்லோருக்கும் வேண்டாம் என்றது. நெட்டையாக வளரும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு நாள் முழுக்க நின்று நடந்தாலே கொஞ்சம் புரதம் வரும், காலையில் எழுந்ததும் எடுத்தால் இருக்காது. வீண் பயமும் செலவும் மிச்சம் என்பது வாதம். அங்கே காய்ச்சல் வந்தாலே குடும்ப மருத்துவர் பார்க்கிறார். வாய்ப்பே ஒரு தடவைதான் கிடைக்கிற மலைக்கு அந்த வாதம் பொருந்தாது.

நம்மூரில் பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்க 2013 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. மருத்துவக் குழு வண்டியில் பள்ளிக்கே வந்து உயரம், எடை, கண், காது, பல், இதயம் பார்க்கிறது. முப்பது வகைக் கோளாறுகளைத் தேடும் அதன் பட்டியலில் சிறுநீரகத்துக்குத் தனி இடம் இல்லை. இன்னொரு பக்கம், சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பட்டை வைத்துப் பார்க்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2023-ல் எடப்பாடியில் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கொண்டுபோனது. அது மனதில் வைத்தது பெரியவர்களை. மஞ்சள் கட்டம் பச்சையாக மாறினால் புரதம். பார்க்க ஒரு நிமிஷம் போதும். பட்டை ஒரு கட்டடத்தில் இருக்கிறது, பிள்ளைகளிடம் போகும் வண்டி இன்னொரு துறையில் நிற்கிறது. அந்த வண்டியில் ஒரு டப்பா பட்டையும், பிள்ளைகளின் கைக்கு ஏற்ற பிரஷர் கருவியும் ஏற்றினால், முதலில் மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளிலிருந்து தொடங்கினால், இந்த மாவட்டமே மாநிலத்துக்கு வழிகாட்டலாம். மாவட்ட நிர்வாகம் இதைச் செய்ய வேண்டும்.

அதுவரை பெற்றோர் கையில் இருப்பது இவ்வளவு. பிள்ளை ராத்திரி அடிக்கடி எழுந்தால், முகம் வீங்கினால், வளராமல் நின்றால் காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்துப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். பட்டையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் பிரஷரும் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய சீட்டு ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். ரத்தச் சீட்டு கைக்கு வந்ததும் அதன் ஓரத்தில் பிள்ளையின் உயரத்தைச் சென்டிமீட்டரில் எழுதிக் கொடுத்து, “இந்த உயரத்துக்கு இது சரியா டாக்டர்?” என்று கேளுங்கள்.